அழாத பிள்ளை சமத்துப் பிள்ளையா?



கனகசெட்டிக்குளத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல், கடன் தவணை எல்லாம் முடிந்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும் நேரம். புதிதாகப் பேரன் பிறந்த ஒரு அம்மா பூரிப்போடு சொன்னார்: "எங்க புள்ள ரொம்ப சமத்துங்க. அழவே அழாது. பால் குடிக்கக்கூட நாமதான் தட்டி எழுப்பணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரே ஒரு உறுப்பினர் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் எங்களிடம் தனியாக வந்தார். "மேடம், அந்தப் புள்ளைக்கு தைராய்டுக்கு ரத்தம் எடுத்துப் பாத்தாங்களான்னு கேளுங்க. என் புள்ளையும் இப்படித்தான் சமத்தா இருந்தான்" என்றார்.

அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்றார். ஆனால் "எல்லா குழுவுக்கும் தெரியட்டும்" என்றார்.

அவர் மகனின் கதை

தலைப்பிரசவம் என்பதால் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். பிள்ளை நல்ல எடையில் பிறந்தது. பார்க்க எந்தக் குறையும் இல்லை. ஆனால் எப்போதும் தூக்கம். மஞ்சள் நிறம் ஒரு மாதம் ஆகியும் போகவில்லை. "காலை வெயில்ல காட்டு, சரியாயிடும்" என்றார்கள். மலம் போக மூன்று நாள், நான்கு நாள் ஆகும். வெற்றிலைக் காம்பு வைத்துப் போக வைத்தார்கள். தொப்புள் துருத்திக்கொண்டு இருந்தது. காசு வைத்துக் கட்டினார்கள். அழுதால் குரல் கரகரவென்று வந்தது. சளி என்றார்கள். நாக்கு வெளியே நீட்டிக்கொண்டே இருந்தது. பாட்டிக்கு அதுவும் விளையாட்டாகத் தெரிந்தது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கை வைத்தியம் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க யாரும் இல்லை.

ஒரு வயதில் பிள்ளை உட்காரவில்லை. இரண்டு வயதில் நிற்கவில்லை. மந்திரிக்க, தாயத்துக் கட்ட, குறி கேட்க என்று குழுவில் இரண்டு முறை உள்கடன் வாங்கினார். நோட்டில் "மருத்துவச் செலவு" என்றுதான் எழுதியிருக்கிறது. மூன்றரை வயதில் காய்ச்சலுக்குக் காட்டப் போன இடத்தில் ஒரு டாக்டர் பிள்ளையின் முகத்தையும் நாக்கையும் பார்த்தார். உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு சுரப்பு இல்லவே இல்லை என்ற அளவுக்குக் குறைவு.

மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் பிள்ளை முழித்துக்கொண்டான். மலச்சிக்கல் போனது. உயரம் கூடியது. நடந்தான். ஆனால் இன்று பத்து வயதில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். "சோம்பேறி, கவனமே இல்ல" என்று பள்ளியில் அடி வாங்கியிருக்கிறான். "நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று அந்தத் தாய் இன்னும் கேட்கிறார்.

அவர் எந்தப் பாவமும் செய்யவில்லை. இது கிரகணத்தாலும் வரவில்லை, கண் பட்டும் வரவில்லை. அவருக்குத் தகவல் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

தைராய்டு என்பது என்ன?

நம் கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, பட்டாம்பூச்சி வடிவில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதுதான் தைராய்டு. அதிலிருந்து வரும் ஹார்மோன் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் போகிறது. உடம்புச் சூடு, இதயத் துடிப்பு, ஜீரணம், எலும்பு வளர்ச்சி எல்லாவற்றுக்கும் அது வேண்டும்.

பெரியவர்களுக்கு இது குறைந்தால் உடம்பு பருக்கும், சோர்வு வரும், மாதவிலக்கு மாறும். மாத்திரை சாப்பிட்டால் சரியாகும். நம் குழுக்களிலேயே பல பேர் சாப்பிடுகிறோம். ஆனால் பச்சைப் பிள்ளைக்குக் குறைந்தால் கதை வேறு. ஏனென்றால் பிள்ளையின் மூளை அப்போதுதான் உருவாகிக்கொண்டு இருக்கிறது.

நம் ஊரில் வலை பின்னுவதைப் பார்த்திருக்கிறோம். கண்ணுக்குக் கண் முடிச்சுப் போட்டால்தான் வலை. மூளையும் அப்படித்தான். நரம்பும் நரம்பும் கோடிக்கணக்கான இடங்களில் இணைய வேண்டும். கர்ப்பத்திலிருந்து இரண்டு மூன்று வயது வரை அந்த வேலை மும்முரமாக நடக்கிறது. அந்த வேலைக்குத் தைராய்டு ஹார்மோன் கட்டாயம் வேண்டும். அது இல்லாத நாட்களில் முடிச்சு விட்டுப் போகிறது. வலையில் விட்டுப்போன கண்ணைப் பிறகு கோத்துக்கொள்ளலாம். மூளையில் விட்டதை முழுதாகக் கோக்க முடியாது.

பிறக்கும்போது ஏன் தெரிவதில்லை?

வயிற்றில் இருக்கும்போது தாயின் ஹார்மோன் நஞ்சுக்கொடி வழியாகக் கொஞ்சம் பிள்ளைக்குப் போகிறது. பிறந்த பிறகும் சில நாள் அது ரத்தத்தில் மிச்சம் இருக்கும். அம்மா வீட்டில் கட்டிக் கொடுத்த அரிசி தீரும் வரை புதுக்குடித்தனத்தில் கஷ்டம் தெரியாது அல்லவா? அதுபோலத்தான். அது தீர்ந்த பிறகுதான் ஒவ்வொரு அறிகுறியாக வெளியே வரும். அதற்குள் பொன்னான வாரங்கள் போய்விடும். அதனால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக் காத்திருக்கக் கூடாது. ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் வழி.

1972-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து டாக்டர்கள் இந்தக் குறையுள்ள பிள்ளைகளின் அறிவுத்திறனை அளந்து எழுதினார்கள். சராசரிப் பிள்ளைக்கு 100 என்று வைத்தால், மூன்று மாதத்துக்குள் மருந்து தொடங்கிய பிள்ளைகளுக்கு 89. மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொடங்கியவர்களுக்கு 70 அளவு. ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு 54. ஒரே மருந்துதான். தொடங்கிய நாள்தான் வேறு.

அதற்குப் பிறகு, 1974-ல், கனடாவின் கியூபெக் மாநிலத்தில் டாக்டர் ஜான் துசோ என்பவர் பிறந்த பிள்ளைகளிடம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று பல நாடுகளில் பிறக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைச் செய்கிறார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கிய பிள்ளைகளில் பெரும்பாலோர் மற்ற பிள்ளைகளைப் போலவே படிக்கிறார்கள்.

நம் பக்கம் எவ்வளவு பேருக்கு?

"இது எங்கயோ லட்சத்துல ஒண்ணு" என்று நினைக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-ல் தொடங்கி ஐந்து பெருநகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகளைச் சோதித்தது. சென்னையும் அதில் ஒன்று. மொத்தத்தில் 1,130 பிள்ளைகளில் ஒன்றுக்கு இந்தக் குறை இருந்தது. சென்னையில் அதைவிட அதிகம், 700 சொச்சத்தில் ஒன்று. வெளிநாட்டுப் புத்தகங்களில் 3,000 அல்லது 4,000 பிள்ளைகளில் ஒன்று என்றுதான் முன்பு எழுதியிருந்தார்கள். ஆக, நம் பக்கத்தில்தான் இன்னும் கவனம் வேண்டும்.

பரிசோதனை எப்படி?

பிள்ளையின் குதிகாலில் சின்னதாக ஊசி குத்தி, சில சொட்டு ரத்தத்தை ஒரு காகித அட்டையில் எடுப்பார்கள். பிறந்து இரண்டு மூன்று நாள் ஆன பிறகு எடுப்பது நல்லது. சில இடங்களில் பிரசவத்தின்போதே தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துக்கொள்வார்கள். அதில் பிள்ளைக்கு ஊசிகூடக் கிடையாது.

முதல் சோதனையில் சந்தேகம் வந்தால் மறுபடி கூப்பிடுவார்கள். கூப்பிட்டாலே நோய் என்று அர்த்தம் இல்லை. ஆனால் கட்டாயம் போக வேண்டும்.

இங்கேதான் நம் வீடுகளில் தடை வருகிறது. "பச்ச ஒடம்பு, பதினாறு நாள் வாசப்படி தாண்டக் கூடாது" என்பார்கள். இன்னொன்றும் உண்டு. ஆஸ்பத்திரியில் கணவரின் செல் நம்பரைத்தான் கொடுத்திருப்போம். அவர் கடலுக்குள் இருப்பார், போன் போகாது. கூப்பிட்டது யாருக்கும் தெரியாமலே போகும். பிரசவத்துக்கு அம்மா வீடு போகிறவர்கள் அந்த வீட்டு நம்பரையும் சேர்த்துக் கொடுங்கள். குழு ஊக்குநர் நம்பரையும் கொடுக்கலாம்.

மருந்து கொடுக்கும் முறை

மருந்தின் பெயர் தைராக்ஸின். விலை அதிகம் இல்லாத மாத்திரை. தினம் ஒரு வேளை. அளவை டாக்டர்தான் பிள்ளையின் எடைக்குத் தகுந்தபடி சொல்ல வேண்டும்.

மாத்திரையை ஸ்பூனில் நசுக்கி, சில சொட்டுத் தாய்ப்பாலிலோ கொதித்து ஆறிய தண்ணீரிலோ கரைத்து உடனே புகட்ட வேண்டும். பாட்டில் பாலில் கலக்கக் கூடாது. பிள்ளை பாதி குடித்து விட்டால் மருந்தும் பாதிதான் போகும். இரும்புச்சத்து மருந்து, கால்சியம் மருந்து இரண்டையும் இதோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கடலோரம் ஈரக்காற்று. மாத்திரை டப்பாவை இறுக்கி மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

பிள்ளை நன்றாக விளையாட ஆரம்பித்ததும், "குணமாயிடுச்சு, எதுக்கு மாத்திரை?" என்று வீட்டில் சொல்வார்கள். நிறுத்தக் கூடாது. பிள்ளை நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். சில பிள்ளைகளுக்குக் குறை தற்காலிகமாக இருக்கலாம். மூன்று வயதுக்கு மேல் டாக்டரே நிறுத்திச் சோதித்துப் பார்த்துச் சொல்வார். அதுவரை டாக்டர் சொல்லும் தேதிகளில் ரத்தம் பார்த்து அளவைச் சரிசெய்ய வேண்டும். அளவு கூடினாலும் தொல்லைதான். பிள்ளை தூங்காமல் துறுதுறுவென்று இருக்கும், எடை ஏறாது.

படிப்பிலும் நடத்தையிலும் என்ன தெரியும்?

தாமதமாகக் கண்டுபிடித்த பிள்ளைகளுக்குப் பேச்சு தாமதமாகும். சிலருக்குக் காது மந்தமாக இருக்கும். சொன்னது நினைவில் நிற்காது. பந்து பிடிப்பது, பொத்தான் போடுவது, கோட்டுக்குள் எழுதுவது கஷ்டமாக இருக்கும். நாலு வேலையைச் சேர்த்துச் சொன்னால் குழம்பி அப்படியே நிற்கும். நாம் அதைப் பிடிவாதம் என்போம். நேரத்தில் மருந்து தொடங்கிய பிள்ளைகளிலும் சிலருக்குக் கவனத்திலும் ஞாபகத்திலும் சின்னச் சின்னக் குறைகள் இருக்கலாம் என்று டொராண்டோ நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் பல வருடம் கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

இது சோம்பேறித்தனம் இல்லை. அடித்தால் நரம்பு வளராது. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். முன் பெஞ்சில் உட்கார வைக்க ஆசிரியரைக் கேளுங்கள். காதைச் சோதியுங்கள். சமக்ர சிக்ஷா திட்டத்தில் சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பள்ளியில் விசாரியுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அறிவுத்திறன் குறைபாடும், கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கின்றன. சட்டத்தில் சொன்ன அளவுக்குக் குறையுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு.

அதே நேரம், படிப்பு வராத பிள்ளை எல்லாம் தைராய்டுப் பிள்ளை இல்லை. கண், காது, ரத்தசோகை, வீட்டுச் சண்டை என்று காரணம் பல. சோதிக்காமல் நாமே பெயர் வைத்துவிடக் கூடாது.

கடலோரத்தில் இருக்கும் நமக்கு அயோடின் உப்பு எதற்கு?

சில பிள்ளைகளுக்குச் சுரப்பியே உருவாகாமல் இருக்கும், அல்லது வேலை செய்யாது. உப்பை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. மாத்திரைதான் வழி. ஆனால் சுரப்பி நன்றாக இருந்தும், ஹார்மோன் செய்ய அயோடின் கிடைக்காவிட்டாலும் இதே கதிதான். கர்ப்பிணிக்கு அயோடின் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கும் குறையும்.

1956-ல் இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் குழுவினரும் உப்பில் அயோடின் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். சில வருடங்களில் முன்கழுத்துக் கழலை நன்றாகக் குறைந்தது. அதன் பிறகு 1962-ல் தேசியத் திட்டம் வந்தது. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 2006 மே மாதம் தடை வந்தது.

"அது மலை ஜனங்களுக்கு. நமக்கு மரக்காணம் உப்பளம் பக்கத்துலயே இருக்கு, கடல் உப்புல இல்லாத அயோடினா?" என்று நம் தோழிகள் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு. அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம்தான். அதில் ஒரு துளிகூட வீணாகவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் 10 கிராம் கல் உப்பில் 17 மைக்ரோகிராம்தான் வரும். பெரியவர்களுக்குத் தினம் 150 வேண்டும். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் 250. அயோடின் சேர்த்த உப்பில் ஒரு கிராமிலேயே 15 மைக்ரோகிராமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம்.

கடல் மீனில் அயோடின் உண்டு, நல்லதுதான். ஆனால் பிடித்த மீனில் நல்லதை எல்லாம் ஏலத்துக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சியதுதானே நம் குழம்புக்கு? அதிலும் பெண்களுக்குக் கடைசியில்தான். மீனை மட்டும் நம்பி இருக்க முடியாது.

பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் முத்திரை பார்த்து வாங்குங்கள். கல் உப்பு வேண்டுமென்றால் அயோடின் சேர்த்த கல் உப்பும் கிடைக்கிறது. மூடி உள்ள டப்பாவில், அடுப்புக்குப் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். அயோடின் வேண்டும் என்று உப்பைக் கூட்டிப் போட வேண்டாம். ரத்தக் கொதிப்பு வரும். கருவாடு போடக் கல் உப்பு, சமையலுக்கு அயோடின் உப்பு என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம்.

தைராய்டு மாத்திரை சாப்பிடும் தோழிகளுக்கு

"முழுகாம இருக்கும்போது மாத்திரை ஆகாது" என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். இது பெரிய தவறு. முதல் மூன்று மாதம் வயிற்றுப் பிள்ளைக்குச் சொந்தமாக ஹார்மோன் செய்யத் தெரியாது. தாயிடமிருந்துதான் வாங்கிக்கொள்ளும். நாள் தள்ளிப்போனது தெரிந்ததுமே டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் அளவைக் கூட்டத்தான் சொல்வார்கள்.

குழுவாக நாம் செய்ய வேண்டியவை

1. குழுவில் யார் வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார் என்று நோட்டில் எழுதி வையுங்கள். பிரசவம் ஜிப்மரில் ஆனாலும், ராஜீவ்காந்தி மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் ஆனாலும், பக்கத்தில் பிம்ஸில் ஆனாலும், வேறு தனியார் இடத்தில் ஆனாலும் வீட்டுக்கு வரும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "புள்ளைக்கு தைராய்டுக்கு ரத்தம் எடுத்தாச்சா? ரிசல்ட் எப்போ?"

2. எடுக்கவில்லை என்றால் எங்கே எடுக்கலாம் என்று அங்கேயே கேட்டு, முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். காலாப்பட்டு ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸிடமும் கேட்கலாம்.

3. நாள் தவறிவிட்டது, பிள்ளைக்கு ஒரு வயது, மூன்று வயது ஆகிவிட்டது என்றாலும் விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் சோதியுங்கள். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் டாக்டர் குழுவிடம் காட்டலாம்.

4. பரிசோதனைக்கும் ஆட்டோவுக்கும் பணம் இல்லை என்று ஒரு தாய் சொன்னால் அன்றைக்கே உள்கடன் கொடுங்கள். அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம்.

5. அதிகத் தூக்கம், பால் குடிக்கச் சோம்பல், மூன்று வாரம் தாண்டிய மஞ்சள், மலச்சிக்கல், கரகரத்த அழுகை, துருத்திய தொப்புள், பெரிய நாக்கு, சில்லென்ற வறண்ட தோல், அகலமான உச்சிக்குழி. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் கை வைத்தியம் வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள்.

கடைசியாக, அந்தச் சமத்துப் பேரன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அவனுக்கு ரத்தம் எடுக்கவே இல்லை என்று தெரிந்தது. பாட்டி முதலில் கோபப்பட்டார். பிறகு, சிரிக்காத அந்தத் தோழியே தன் மகனையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்ப் பேசினார். மறுநாள் காலை மூன்று பேரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். நான்கு நாளில் ரிசல்ட் வந்தது. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை.

"வீணா பயமுறுத்திட்டேனோ" என்று அந்தத் தோழி எங்களிடம் கேட்டார். பாட்டி குறுக்கிட்டு, "நீ பயமுறுத்தலம்மா. ராத்திரி நான் நிம்மதியா தூங்குறேன்" என்றார்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அழாத பிள்ளைக்காக நாம்தான் கேட்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். உங்கள் ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் இந்தச் சோதனை செய்கிறார்கள் என்று விசாரித்து நோட்டில் எழுதி வையுங்கள். நாங்கள் வரும்போது பார்ப்போம்.